இரண்டாவது சாயம்

காலை 5.50.

ஐ.சி.யூ.வில் நான்காம் எண் கட்டிலில் கிடந்த தையல்காரம்மாவின் இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தாள் நர்ஸ். கண்மணி சுருங்கவில்லை. இன்னொரு கண்ணிலும் அடித்துப் பார்த்தாள். அதுவும் அகலத் திறந்து கிடந்தது, கதவைச் சாத்த மறந்துவிட்டு ஆள் கிளம்பிப் போன வீடு மாதிரி.

மூளையில் ஆபரேஷன் நடந்து அது மூன்றாவது காலை. 6.25-க்கு மரணம் என்று எழுதினார்கள். 8.30-க்குள் அதற்கு யார் காரணம் என்றும் முடிவு செய்துவிட்டார்கள்.

அந்த நர்ஸ்தான் காரணமாம்.

கண்காணிப்பாளர் அறையில் பெரிய திரைக்கு வயர் செருக ஓர் ஆள் தேவைப்பட்டது. அதனால் பல்பைக் கூப்பிட்டார்கள். அவள் ஆஸ்பத்திரியின் கருவி இன்ஜினியர். நான்கு வருஷப் படிப்பு. அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். ஆபரேஷன் மைக்ரோஸ்கோப்பின் விளக்குகளை மாற்றுவதும், எந்த விளக்கு எத்தனை நிமிஷம் எரிந்தது என்று பார்த்து வைப்பதும் அவள் வேலைகளில் ஒன்று. அதை வைத்துச் சின்ன டாக்டர் ஒருநாள் "என்ன பல்பு!" என்று கூப்பிட, பெயர் ஒட்டிக்கொண்டது. "இங்க பல்பு வாங்குறவங்க நிறையப் பேரு, மாட்டுறது நான் ஒருத்திதான்" என்று அவளும் சிரித்து வைத்திருந்தாள்.

பழிக்கு ஆளான நர்ஸ் பல்பின் கூடப் பிறந்த அக்கா. அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். ஆனால் வயர் செருகுகிறவளுக்குக் காது இருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை.

திரை முழுக்கக் கருப்பு. மூலையில் இறந்தவளின் பதிவு எண், பகல் 12.42 என்ற நேரம்.

"இன்ஸ்பெக்டர் சார், சுருக்கமா சொல்றேன்" என்றார் சின்ன டாக்டர். ஆபரேஷன் செய்த பெரிய டாக்டருக்கு உதவியாளர்; ஆபரேஷன் வீடியோக்களை அடுக்கி வைப்பதும் அவர் பொறுப்பு. "மூளைக்குப் போற ரத்தக் குழாய்ல ஒரு இடம் மொட்டு மாதிரி வீங்கியிருந்துச்சு. வெடிச்சா உயிர் போயிடும். மொட்டோட காம்புல ஒரு குட்டி கிளிப் போட்டு மூடிட்டோம். மூடினது சரியா, பக்கத்துக் குழாய் எதையாவது நசுக்கிட்டோமான்னு தெரியணும்ல? அதுக்கு ஒரு சாயம் இருக்கு. ஊசில பாத்தா கரும்பச்சை. கையில ஏத்துவோம். கண்ணுக்குத் தெரியாத ஒரு விளக்கை மைக்ரோஸ்கோப்புல போட்டா, ரத்தம் ஓடுற குழாய் மட்டும் வெள்ளையா ஒளிரும். கிளிப்புக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை. இது பின்னாடி எடுத்தது. பாருங்க."

கருப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு முளைத்தது. அது கிளைவிட்டது. கிளை மறுபடி கிளைவிட்டது. நடுவில் உருண்டையாக ஓரிடம் மட்டும் கடைசி வரை கருப்பாகவே இருந்தது.

"அந்தக் கருப்பு உருண்டைதான் மொட்டு. ரத்தம் போகல. மத்த எல்லாக் குழாயும் ஓடுது."

"அப்போ அந்தம்மா எப்படி செத்தாங்க?"

"ஸ்கேன்ல ஒரு கிளைக்குழாய் அடைச்சிருக்கு. தியேட்டரை விட்டு வெளிய வரும்போது ஓடிட்டு இருந்த குழாய் சார் அது."

கண்காணிப்பாளர் தொண்டையைச் செருமினார். "ஆபரேஷன் அன்னைக்கு ஐ.சி.யூ.ல நர்ஸ் ரத்த அழுத்தம் இறங்கினதைக் கவனிக்கல. சார்ட்ல நல்லா இருக்குன்னு எழுதிட்டா. சாயங்காலம் நாலு மணிக்கு விசாரணைக் கமிட்டி. முடிஞ்சதும் நீங்க அழைச்சிட்டுப் போகலாம்."

பெரிய டாக்டர் தலை நிமிரவில்லை. போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தார்.

பல்பு வயரைப் பிடுங்கினாள்.

காலை 9.40.

அக்கா உடைமாற்றும் அறையில் ஷூவைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு வருஷம் ஷிப்டு ஷிப்டாக நின்று தங்கையைப் படிக்க வைத்த கால் அது. வீங்கியிருந்தது.

"அழுவியா இல்ல பதில் சொல்லுவியா?" என்றாள் பல்பு.

"அழுதா மட்டும் விட்டுடுவாங்களாடி?"

"பி.பி. இறங்குச்சா?"

"இல்ல. ஒரு தடவைகூட இல்ல. நான் எழுதினது பொய்னா என் கை அழுகிடட்டும்."

"சத்தியம் எல்லாம் கமிட்டிக்கு வேண்டாம். எப்போ முதல்ல சந்தேகம் வந்துச்சு?"

"தியேட்டர்லேருந்து வந்த அன்னைக்கே. மத்தியானம் மூணே கால். வலது கையைத் தூக்குங்கம்மான்னேன், தூக்கல. உடனே சின்ன டாக்டருக்குப் போன் பண்ணேன். மயக்கம் தெளியல, விடுங்க சிஸ்டர்னாரு. நாலரைக்கு மறுபடி பண்ணேன். ஏன் சிஸ்டர் பதட்டப்படுறீங்கன்னு சிரிச்சாரு."

"எழுதி வச்சியா?"

"கை அசையலைன்னு எழுதினேன். போன் பண்ணினதை எழுதல. டாக்டரைக் காட்டிக்குடுக்கிற மாதிரி இருக்கும்னு..."

"நல்லவளா இருந்து தொலைஞ்சியா?"

அக்கா குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தாள்.

பல்பு யோசித்தாள். வலது கையை அசைக்கும் இடதுபக்க மூளையில் ஆபரேஷன். வலது கை மூன்றே காலுக்கே செத்துவிட்டது. அப்படியானால் குழாய் அடைத்தது ஐ.சி.யூ.வில் இல்லை. ஆனால் வீடியோ ஓடுகிறது என்கிறது. அக்கா பொய்யா, வீடியோ பொய்யா?

காலை 10.30.

இரண்டாம் தியேட்டருக்கு வெளியே டாக்டர்கள் கை கழுவும் தொட்டியைப் பினாயில் அக்கா தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் வருவது நூறடிக்கு முன்பே மூக்குக்குத் தெரியும். அதனால் அந்தப் பெயர்.

"என்னக்கா, தொட்டியோட சண்டையா?"

"நீயே பாரு இந்தக் கூத்தை. மூணு நாளா தேய்க்கிறேன். பாசி புடிச்ச கணக்கா ஓரமெல்லாம் பச்சை. படிச்சவங்க செய்யிற வேலையா இது? மருந்தை ஊத்துறதுக்கு வேற இடமே கிடைக்கலையா?"

பல்பு குனிந்தாள். வடிகால் ஓட்டையைச் சுற்றிக் கரும்பச்சை வளையம்.

"என்னைக்குக்கா பாத்தீங்க?"

"அந்தத் தையல்காரம்மாவை அறுத்த அன்னைக்கு. பன்னெண்டரைக்குப் பெரிய டாக்டர் கை கழுவிட்டு ஓடினாரு. வேற ஆஸ்பத்திரில இன்னொரு ஆபரேஷனாம். அவர் போனதும் தொட்டியைக் கண்ணாடியா துடைச்சேன். ஒரு மணிக்கு வந்து பாக்குறேன், பச்சை! அந்த நேரத்துல உள்ள ஓடினது அந்த ஒரு கேஸ்தான்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"என்கிட்ட யாரு கேட்டா?"

காலை 11.15.

மயக்க மருந்து டாக்டரம்மா தன் தாளை நீட்டினார். 12.20 சாயம். 12.42 சாயம். இரண்டும் அவர் கையெழுத்து.

"ரெண்டும் நீங்கதான் ஊசில ஏத்தினீங்களா மேடம்?"

"என்ன கேள்வி இது?"

"நேரான கேள்விதான். ஏத்தினீங்களா?"

"முதல் தடவை நான். ரெண்டாவது..." டாக்டரம்மா கதவைப் பார்த்தார். "பக்கத்துத் தியேட்டர்ல அடுத்த பேஷண்டை மயக்கத்துல போடணும். இருக்கிறதே நான் ஒருத்தி. பன்னெண்டு முப்பத்தி மூணுக்குப் போனேன், முக்கால்ல திரும்பிட்டேன். சாயம் குடுத்தாச்சு மேடம், எல்லாம் ஓடுதுன்னு சின்னவர் சொன்னாரு. எழுதினேன். அவர் பொய் சொல்ற ஆளில்ல."

"பாக்காததை எழுதியிருக்கீங்க."

"எல்லாரும் அப்படித்தான்மா எழுதுறோம்."

"எங்க அக்கா அப்படி எழுதல. அதுக்குத்தான் அவளைப் புடிச்சிட்டுப் போகப் போறாங்க."

டாக்டரம்மாவின் முகம் சுண்டிப்போனது. வாசல் வரை போன பல்பு திரும்பினாள்.

"போன மாசம் என்னைக் கூப்பிட்டு, விரல்ல மாட்டுற ஆக்ஸிஜன் மீட்டர் கெட்டுப்போச்சுன்னு திட்டினீங்களே மேடம், ஞாபகம் இருக்கா?"

"சாயம் ஏத்தினா அரை நிமிஷம் ரீடிங் இறங்கும், மீட்டர் நல்லாத்தான் இருக்குன்னு நீதானே சொன்னே. அதுக்கென்ன இப்போ?"

"சும்மா கேட்டேன்."

மதியம் 12.05.

கேன்டீனில் சின்ன டாக்டரே டீ வாங்கி வந்து எதிரில் உட்கார்ந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம். ஆனாலும் சிரித்தார். எந்த நேரமும் சிரிப்பார். அதனாலேயே நர்ஸுகளுக்கு அவரைப் பிடிக்கும்.

"அக்காவுக்கு ஒண்ணும் ஆகாது பல்பு. நான் பேசுறேன். சஸ்பெண்டோட முடிச்சிடலாம்."

"தாங்க்ஸ் சார். ரெண்டாவது சாயம் நீங்களா ஏத்தினீங்க?"

"ஆமா. மேடம் இல்ல. நானே ஏத்திட்டு நானே பாத்தேன்."

"சாயம் மிச்சம் இருந்துச்சா?"

"துளி இல்ல. முழுசும் உள்ள போயிடுச்சு."

"மூணே காலுக்கு அக்கா போன் பண்ணாளாமே?"

டீ கிளாஸ் உதட்டுக்குப் போகும் வழியில் நின்றது. பிறகு போனது.

"அப்படியா சொல்றா? பாவம், பயத்துல இருக்கா. எந்தப் போனும் வரல."

பல்பு தன் டீயைத் தொடவே இல்லை. சூடு ஆறி, ஏடு படிந்து, அப்படியே இருந்தது.

மதியம் 1.10.

ஜன்னல் இல்லாத கருவி அறை. முதலில் அன்றைய தியேட்டர் மானிட்டரின் பதிவைத் திறந்தாள். ஆக்ஸிஜன் கோடு நூறிலேயே போய்க்கொண்டிருந்தது. 12.20-இல் ஒரு சின்னப் பள்ளம். பிறகு மதியம் இரண்டு மணி வரை ஒரு சுருக்கம்கூட இல்லை.

அடுத்து மைக்ரோஸ்கோப்பின் விளக்குப் பட்டியல். எது எப்போது எரிந்தது, எப்போது அணைந்தது என்று கருவியே குறித்து வைப்பது. டாக்டர்கள் அந்தப் பக்கத்தைத் திறந்ததே கிடையாது. கண்ணுக்குத் தெரியாத விளக்கு அன்றைக்கு இரண்டே முறை எரிந்திருந்தது. 12.20-இல் ஒரு நிமிஷம். 12.34-இல் ஏழு நிமிஷம். வீடியோவில் இருந்த 12.42-இல் எரியவே இல்லை.

ஏழு நிமிஷமா? சாயம் ஏறி, குழாய்கள் ஒளிர்ந்து மங்க ஒரு நிமிஷம் போதும். சாயமே ஏற்றாமல் ஏழு நிமிஷம் அந்த இருட்டில் ஒருவன் எதைப் பார்த்துக்கொண்டிருப்பான்?

பல்பு நாற்காலியில் சாய்ந்தாள். ஒரு மனித மூளை திறந்து கிடக்கிறது. பெரியவர் இல்லை. மயக்க டாக்டர் இல்லை. நர்ஸுகள் தையல் சாமான் எடுத்து வைக்கிறார்கள். கண்ணாடிக் குழலில் ஒரு ஜோடிக் கண் மட்டும்.

வீடியோவை மறுபடி ஓட்டினாள். முதல் ஐந்து வினாடிகளை மட்டும், பத்து முறை.

மாலை 4.00.

அதே அறை. அக்கா சுவரோரம் நின்றாள். நாற்காலி இருந்தது, யாரும் உட்காரச் சொல்லவில்லை.

வயரைச் செருகிவிட்டுப் பல்பு போகவில்லை.

"நீ கிளம்பலாம்மா" என்றார் கண்காணிப்பாளர்.

"பெரிய டாக்டர்கிட்ட மூணு கேள்வி. அப்புறம் கிளம்புறேன்."

பெரிய டாக்டர் அன்றைக்கு முதல் முறையாக நிமிர்ந்தார். "விளக்கு மாத்துற பொண்ணு என்னைக் கேள்வி கேக்குதா?"

"ஆமா சார். முதல் சாயம் எத்தனை மணிக்கு?"

இன்ஸ்பெக்டர் கையைக் கட்டிக்கொண்டார். "கேக்கட்டும் டாக்டர். எனக்கும் தெரியணும்."

"12.20."

"கிளிப் போட்டது?"

"12.23."

"எப்போ கிளம்பினீங்க?"

"12.30. கிளிப் சரியா உக்காந்திருந்தது. சாயம் ஏத்திப் பாத்துட்டு மூடுன்னு இவன்கிட்ட சொல்லிட்டுத்தான் போனேன்."

பல்பு வீடியோவை ஓட்டி, இரண்டாவது வினாடியில் நிறுத்தினாள். சாயம் வருவதற்கு முந்திய கணம். திரை முழுக்கக் கருப்பு.

"இதுல மொட்டு எங்க இருக்கு சார்? காட்டுங்க."

"நடுவுல. இதோ."

"என்ன நிறம்?"

"கருப்..."

பெரிய டாக்டர் பாதியில் நிறுத்தினார். எழுந்து திரைக்கு அருகே போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது அந்தம்மாவோட தலை இல்ல" என்றார்.

"எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

பல்பு சொன்னாள். "12.20-க்கு ஏத்தின சாயம் மொட்டுக்குள்ளயும் போச்சு. மூணே நிமிஷத்துல காம்பை மூடிட்டாங்க. மத்த ரத்தத்துல இருக்கிற சாயத்தைக் கல்லீரல் கொஞ்ச நேரத்துல வடிச்சிடும். மொட்டுக்குள்ள மாட்டினது எங்க போகும்? வழியே இல்ல. அது அங்கயே ஒளிர்ந்துட்டு இருக்கும். நிஜமாவே 12.42-க்கு எடுத்த வீடியோன்னா, ரெண்டாவது சாயம் வர்றதுக்கு முன்னாடியே மொட்டு மட்டும் வெள்ளையா தெரியணும். இதுல கருப்பு. இது கிளிப்புக்கு முன்னாடி சாயமே ஏத்தாத வேற யாரோ பேஷண்டு. பதிவு நம்பரையும் நேரத்தையும் மட்டும் மாத்தி ஒட்டியிருக்கு."

மானிட்டர் தாளை மேசையில் வைத்தாள். "சாயம் ஏறினா ஆக்ஸிஜன் ரீடிங் இறங்கும். ஒரு பள்ளம்தான் இருக்கு, ரெண்டு இல்ல. ரெண்டாவது சாயம் கை கழுவுற தொட்டில ஊத்தியிருக்கு. பச்சை இன்னும் போகல, போய்ப் பாருங்க. பெரிய டாக்டர் போனதுக்கு அப்புறம் துடைச்ச தொட்டி. மயக்க மேடம் பக்கத்து ரூம்ல. துளிகூட மிச்சமில்ல, நானே ஏத்தினேன்னு சொன்னது ஒரே ஆள். வீடியோ எல்லாம் அவர் கையிலதான் இருக்கு."

எல்லோரும் சின்ன டாக்டரைப் பார்த்தார்கள். அவர் இன்னும் சிரிக்க முயன்றுகொண்டிருந்தார்.

"சோம்பேறித்தனமா சாயம் பாக்காம விட்டாரு, அவ்வளவுதானே?" என்றார் கண்காணிப்பாளர் அவசரமாக.

"அவ்வளவுதான்னா குழாய் ஏன் அடைச்சது? பெரிய டாக்டர் போட்ட கிளிப் சரியாத்தான் இருந்துச்சு." பல்பு கடைசித் தாளை எடுத்தாள். "12.34-லேருந்து 12.41 வரைக்கும் விளக்கு எரிஞ்சிருக்கு. ஏழு நிமிஷம். சாயம் ஏத்துறதுக்கு முன்னாடி சும்மா விளக்கைப் போட்டுப் பாத்தீங்க. மொட்டு வெள்ளையா தெரிஞ்சது. மாட்டிக்கிட்ட பழைய சாயம்னு உங்களுக்குத் தோணல. கிளிப் பிடிக்கல, ரத்தம் இன்னும் உள்ள போகுதுன்னு நினைச்சீங்க. சரியா சார்?"

"கிளிப்பைத் தொட்டீங்களா இல்லையா?" என்றார் பெரிய டாக்டர்.

"அணையல சார்." சின்ன டாக்டர் மேசையைப் பார்த்துப் பேசினார். "கொஞ்சம் உள்ள தள்ளினேன். அப்பவும் ஒளிர்ந்துச்சு. இன்னும் தள்ளினேன். அணையவே இல்ல. அப்புறம்தான் புரிஞ்சது... பழைய சாயம்னு. ஒண்ணுமே இல்லாததுக்குத் தள்ளியிருக்கேன். சாயம் ஏத்தினா, கிளிப் நுனி பின்னாடி இருக்கிற கிளைக்குழாயை நசுக்கினது தெரிஞ்சிடும். ரெக்கார்டு ஆகும். ஒருவேளை அடைச்சிருக்காதுன்னு..."

"எனக்கு ஏன் போன் பண்ணல?"

"பண்ணினா எடுத்திருப்பீங்களா சார்?"

பெரிய டாக்டர் உட்கார்ந்தார்.

"மூணே காலுக்கு எங்க அக்கா பண்ணினா" என்றாள் பல்பு. "நீங்க எடுத்தீங்க. அப்பவே மறுபடி தலையைத் திறந்து கிளிப்பைத் தளர்த்தியிருந்தா அந்தம்மா பொழைச்சிருக்க வழி இருந்துச்சு. தப்பு தியேட்டர்ல நடந்துச்சு. கொன்னது அந்தப் போன்ல."

கண்காணிப்பாளர் குரலைத் தாழ்த்தினார். "இன்ஸ்பெக்டர், இதை நிர்வாகத்துக்குள்ளயே... ஆஸ்பத்திரி பேரு..."

"காலையில நர்ஸுன்னு நினைச்சப்போ அழைச்சிட்டுப் போகலாம்னீங்க" என்றபடி இன்ஸ்பெக்டர் எழுந்தார். "வாங்க டாக்டர், போகலாம். பெரியவர் நீங்களும் ஊரை விட்டு எங்கயும் போயிடாதீங்க."

அக்காவிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. "நீங்க வீட்டுக்குப் போகலாம் சிஸ்டர்" என்றார் கண்காணிப்பாளர், ஏதோ லீவு கொடுப்பதுபோல.

"வா, கிளம்பு" என்று பல்பு அவள் கையைப் பிடித்தாள்.

"இருடி. அந்தம்மா வீட்டுக்காரர்கிட்ட யாரு சொல்லுவா?"

பிணவறைக்குப் போகும் நடையில் தையல்காரம்மாவின் கணவர் நின்றிருந்தார். காலையில் எல்லோர் முன்னாலும் அக்காவைப் பார்த்து, "நீ நல்லா இருப்பியா?" என்று கத்தியவர். அக்கா நேரே அவரிடம் போனாள். நடந்ததை முழுக்கச் சொன்னாள். போன் பண்ணியதை எழுதாமல் விட்ட தன் தப்பையும் சேர்த்தே சொன்னாள்.

அவர் கத்தவில்லை.

"நீங்க போன் பண்ணப்போ அவளுக்கு நினைவு இருந்துச்சாம்மா?"

"இருந்துச்சு அண்ணா" என்றாள் அக்கா. "இடது கையால என் விரலைப் புடிச்சிருந்தாங்க. டாக்டர் சிரிச்சது அவங்களுக்கும் கேட்டுச்சு."